“ஜட்ஜ் என்னை நம்புவாரா?”: பாதுகாப்பு விசா மறுக்கப்பட்ட பிறகு கோர்ட் எதைப் பார்க்கிறது

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், வாடகை வீட்டுச் சமையலறை மேசையில் அண்ணை தன் பைலை விரித்து வைத்தார். தீர்ப்பாயத்திலிருந்து வந்த மறுப்பு முடிவு அடியில் கிடந்தது. அதற்கு மேலே, ஒரு கிழமைக்குள் ஊரிலிருந்து அவசரமாக எடுப்பித்த கடிதங்கள். கிராம சேவகர் கொடுத்தது ஒன்று, கோயில் ஐயர் எழுதியது ஒன்று, ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவர் சீல் குத்திக் கொடுத்தது ஒன்று. முதுகுத் தழும்பைப் புதிதாக எடுத்த போட்டோவும் இருந்தது.

“தம்பி, இதெல்லாத்தையும் ஜட்ஜிட்டைக் குடுத்தா அவர் என்னை நம்புவார்தானே?”

இதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். நான் லோயர் இல்லை. கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்ப உதவுவது, லோயரிடம் கூட்டிக்கொண்டு போவது என்று கூடப் போகிற ஆள். அண்ணை யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பதில் இதுதான்: நீதிபதி அந்தக் கடிதங்களைப் பார்க்கப்போவதில்லை. அண்ணையை நம்பலாமா கூடாதா என்று அவரிடம் யாரும் கேட்கப்போவதும் இல்லை. இது தெரியாமல், வழக்குப் போடக் கிடைத்த 35 நாளையும் புதுக் கடிதம் சேர்ப்பதிலேயே கழித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கோர்ட் வரைக்கும் வரும் பாதையைப் பார்த்துவிடுவோம். ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசாவுக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். அதன் 36ஆம் பிரிவுப்படி இரண்டு வகையில் பாதுகாப்புக் கேட்கலாம். ஒன்று அகதி என்ற வகை. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது ஆகிய ஐந்தில் ஏதோவொரு காரணத்தால் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த ஆதாரத்தோடு அஞ்சுகிறவர்களுக்கானது. மற்றது துணைப் பாதுகாப்பு. இந்த ஐந்துக்குள் வராவிட்டாலும், திருப்பி அனுப்பினால் கொலை, சித்திரவதை போன்ற பெருந்தீங்கு நேரும் உண்மையான ஆபத்தில் இருப்பவர்களுக்கு. இது சட்டத்தில் சேர்ந்தது 2012 மார்ச்சில்.

விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் உள்துறைத் திணைக்கள அதிகாரி. அமைச்சரின் சார்பில் அவர் முடிவெடுக்கிறார். அவர் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வெளியில் இருப்பவர்களுக்கு அதற்கு 28 நாள், தடுப்பு முகாமில் இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. இந்தத் தீர்ப்பாயத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1993 முதல் அகதிகள் மீளாய்வுத் தீர்ப்பாயம் என்று தனியாக இருந்தது. 2015 ஜூலையில் அதை ஏ.ஏ.டி. (நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம்) என்ற பெரிய தீர்ப்பாயத்தோடு சேர்த்தார்கள். 2024 அக்டோபர் 14 முதல் அதன் இடத்தில் ஏ.ஆர்.டி. (நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம்) இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 13க்கும் 2013 முடிவுக்கும் இடையில் படகில் வந்தவர்களுக்கு வேறு பாதை போட்டார்கள். ‘ஃபாஸ்ட் டிராக்’ என்று நம் சனம் இன்றும் கசப்போடு சொல்வது அதைத்தான். அதில் மீளாய்வு செய்த ஐ.ஏ.ஏ. என்ற தனி அமைப்பு பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிடாமல், கடதாசிகளை மட்டும் வைத்தே முடிவெடுத்தது. அதுவும் அதே அக்டோபர் 14இல் மூடப்பட்டது.

தீர்ப்பாயத்தில் எல்லாம் முதலிலிருந்து பார்க்கப்படும். அங்கே இருக்கும் உறுப்பினர், திணைக்களம் சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘இன்று இந்த மனிதருக்குப் பாதுகாப்புத் தேவையா?’ என்று தானே கேட்டு முடிவுசெய்ய வேண்டியவர். அண்ணையின் கடிதங்களும் தழும்புப் போட்டோவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான். தீர்ப்பாய விசாரணையை ‘இன்னொரு இன்டர்வியூ’ என்று லேசாக எடுத்துக்கொண்டு, ‘இதில் போனால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உண்மைகளை எடைபோடும் கடைசி இடம் தீர்ப்பாயம். அதைத் தவறவிட்டு, திணைக்களத்தின் மறுப்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போகவும் சட்டம் பொதுவாக விடாது.

தீர்ப்பாயமும் மறுத்தால்தான் கோர்ட். பெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். இதைத்தான் நீதிமுறை மீளாய்வு என்கிறோம்.

ஒரு பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஃபெயில். விடைத்தாளைத் திருத்தியவர் மார்க்கைக் குறைத்துப் போட்டுவிட்டார் என்று நினைக்கிறீர்கள். தாளை இன்னொருவர் முதலிலிருந்து திருத்துவது தீர்ப்பாயத்தின் வேலை. கோர்ட் தாளைத் திருத்தாது. அது பரீட்சை மண்டபத்தைப் பார்க்கும். மூன்று மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் தாளைப் பிடுங்கினார்களா? பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டார்களா? நான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே மார்க் போட்டார்களா? அப்படி ஏதாவது நடந்திருந்தால், ‘இந்தப் பரீட்சை செல்லாது, திரும்ப நடத்துங்கள்’ என்று சொல்லும். ‘பிள்ளை பாஸ்’ என்று கோர்ட் ஒருநாளும் சொல்லாது.

இது ஏன் இப்படி என்று அண்ணை கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். உயிர் போகிற விஷயத்தை நீதிபதி பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையும் நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையும் கண்டிப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. யாருக்கு விசா கொடுப்பது என்பது அரசாங்கத்தின் வேலை. அந்த வேலையைச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று செய்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. எல்லையைத் தாண்டினால் மட்டுமே நீதிபதிக்குக் கை வைக்க அதிகாரம்.

அந்தச் சின்ன அதிகாரத்தையும் பிடுங்கப் பார்த்தார்கள். 2001இல், கடலில் மீட்ட அகதிகளோடு வந்த டாம்பா கப்பலை ஆஸ்திரேலியா உள்ளே விட மறுத்த விவகாரம் சூடாக இருந்த நேரம், குடிவரவு முடிவுகளை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்கக் கூடாது என்ற பொருள்படும் ஒரு பிரிவை நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்த்தது. 474ஆம் பிரிவு. படித்துப் பார்த்தால் கதவை இழுத்துப் பூட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் 1901இலிருந்தே அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு ஐந்தாம் உட்பிரிவு அங்கே இருக்கிறது. மத்திய அரசின் அதிகாரி ஒருவருக்கு எதிராக யாரும் உயர் நீதிமன்றத்துக்கு (இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலான கோர்ட் அதுதான்) போகலாம் என்கிறது அது. குடியுரிமை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2003 பெப்ரவரியில், எஸ்-157 என்ற எண்ணால் மட்டும் அறியப்படும் ஒரு விண்ணப்பதாரரின் வழக்கில், உயர் நீதிமன்றம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சட்டம் கொடுத்த அதிகாரத்தின் எல்லையைத் தாண்டி எடுத்த முடிவு சட்டத்தின் கண்ணில் முடிவே கிடையாது, ஆகவே 474ஆம் பிரிவு அதைக் காப்பாற்றாது என்று தீர்ப்பு வந்தது. இன்று ஒரு அகதி கோர்ட் வாசலை மிதிக்க முடிகிறதென்றால் இந்தத் தீர்ப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பெயர்கூடத் தெரியாத ஒருவர் வாங்கிக் கொடுத்த உரிமை.

பெயர் தெரியாததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பாதுகாப்பு விசா கேட்டவர்களின் பெயரைக் கோர்ட் வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடும். அதனால் ஒவ்வொருவருக்கும் சில எழுத்தும் எண்ணும்தான் பெயர். வழக்குப் பட்டியலை ஒருமுறை பார்த்தால் மனம் என்னவோ செய்யும். வரிசையாக எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம்.

சரி, ‘எல்லையைத் தாண்டுவது’ என்றால் என்ன? லோயர்கள் இதை அதிகார வரம்புப் பிழை என்பார்கள். வரைவிலக்கணத்தை விட்டுவிட்டு, நடந்த வழக்குகளைப் பார்த்தால் சுலபமாகப் பிடிபடும்.

ஈரானிய மாலுமி ஒருவர். நியூ சவுத் வேல்ஸில் உள்ள போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கித் திரும்பிப் போகவில்லை. கிறிஸ்தவத்தில் தனக்கு ஈடுபாடு வந்தது கப்டனுக்குத் தெரிந்துவிட்டது, ஈரானுக்குப் போனால் ஆபத்து என்பது அவர் கதை. திணைக்களம் ஏதோ ஒரு காரணம் சொல்லி மறுத்தது. தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்தது. முடிவு வந்தபோது பார்த்தால், திணைக்களம் சந்தேகப்படாத மூன்று விஷயங்களைத் தீர்ப்பாயம் நம்பமுடியாதவை என்று எழுதியிருந்தது. விசாரணையில் அவரிடம் ‘இது எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அந்த மாலுமி சொன்னது உண்மை என்று கோர்ட் சொல்லவில்லை. அதற்குள் அது போகவே இல்லை. ஒரு மனிதரின் விதியை முடிவுசெய்யப் போகும் விஷயம் எதுவென்று அவருக்கே தெரியாவிட்டால், அவர் எதற்குப் பதில் சொல்வார்? இயற்கை நீதி என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது இந்தச் சாதாரண நியாயத்தைத்தான்.

இன்னொருவர் ரஷ்யத் தொழிலதிபர். ‘குற்றவாளிகள் மீது போலீஸ் நடவடிக்கை எடுப்பதில்லை என்று வெளிப்படையாகக் குறைசொன்ன தொழிலதிபர்களில் நான் ஒருவன், அதனால்தான் எனக்கு ஆபத்து’ என்றார். தீர்ப்பாயம் ‘ரஷ்யத் தொழிலதிபர்களுக்குப் பொதுவாக ஆபத்து உண்டா?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதியது. அவர் கேட்டது ஒன்று, பதில் வேறொன்றுக்கு. 2003இல் உயர் நீதிமன்றம் இதையும் பிழை என்றது. தெளிவாக முன்வைத்த கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் விடுவது, முடிவெடுக்கும் வேலையையே செய்யாமல் விட்டதற்குச் சமம். நம் ஆட்களின் முடிவுகளை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். நாலு காரணம் சொல்லியிருப்பார்கள். உறுப்பினர் மூன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்திருப்பார். நாலாவது எங்கே போனது?

சட்டத்தையே பிழையாக விளங்கிக்கொள்வதும் உண்டு. வங்கதேசத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்கள், ஒன்றாக வாழ்ந்தவர்கள். அடக்கமாக, வெளியில் தெரியாமல் வாழ்ந்தால் அவர்களுக்கு ஆபத்து இல்லை என்று தீர்ப்பாயம் மறுத்தது. 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றம், நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அது பிழை என்றது. அவர்கள் ஏன் ஒளிந்து வாழ்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பயத்தால் என்றால், அந்தப் பயத்தைத்தானே ஆராய வேண்டும்? ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் கதை வேறு. இந்த வழக்குகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எந்த நியாயமான மனிதரும் எடுக்க மாட்டாத அளவுக்கு நியாயமற்ற முடிவும் இந்தப் பிழைக்குள் வரும். ஆனால் இதற்கான படி உயரம். ‘நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்’ என்று நீதிபதிக்கே தோன்றினாலும் போதாது.

நம் ஆட்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று 2010 நவம்பரில் வந்தது. எம்-61 என்று பெயர். கிறிஸ்மஸ் தீவில் இறக்கப்பட்ட இலங்கையர்கள் இருவர் தொடுத்தது. தீவில் வந்து இறங்கியவர்களுக்கு வழக்கமான தீர்ப்பாயம் கிடையாது என்று அன்றைய அரசு தனியொரு மீளாய்வு முறையை வைத்திருந்தது. அதை நடத்தியவர்கள், ஆஸ்திரேலியச் சட்டமும் கோர்ட் தீர்ப்புகளும் தங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டி மட்டுமே என்பது போல நடந்துகொண்டார்கள். எதிராக இருந்த நாட்டு நிலவரத் தகவல்களை இவர்களிடம் காட்டிப் பதில் கேட்கவில்லை. கோரிக்கை ஒன்றைக் கவனிக்கவும் இல்லை. உயர் நீதிமன்றம் ஒருமனதாக அது சரியில்லை என்றது. அப்படித் தீவில் இறக்கப்பட்டவர்களின் மீளாய்வும் நியாயமாக நடக்க வேண்டும் என்பது அன்று உறுதியானது.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறியதற்காகத் திரும்பிப் போனால் சிறையில் போடுவார்கள், அந்தச் சிறையில் நெரிசலும் நிலைமையும் மனிதர் இருக்க முடியாதது என்று இலங்கையர்கள் சிலர் துணைப் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சிறை மோசமாக இருக்கலாம், ஆனால் அந்தத் துன்பத்தைக் கொடுக்க வேண்டும் என்ற உண்மையான நோக்கம் அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 2017இல் முடிவுசெய்தார்கள். வழக்கு தோற்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் அதுதான் இன்றைய சட்டம், அதைத் தெரிந்துகொண்டுதான் லோயரிடம் போக வேண்டும்.

அப்போ எவையெல்லாம் கோர்ட்டில் எடுபடாது? ‘உறுப்பினர் என்னை நம்பவில்லை.’ எடுபடாது, நம்புவதும் நம்பாததும் அவர் வேலை, நம்பாததற்குக் கொஞ்சமாவது தர்க்கம் இருக்கும்வரை. ‘நாட்டு நிலவரத்தை அவர் பிழையாக எடைபோட்டார்.’ அநேகமாக எடுபடாது. ‘இப்போது புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது.’ எடுபடாது. ‘வசனம் ஒன்று பிழையாக எழுதியிருக்கிறார்.’ அதுவும் கஷ்டம். முடிவின் ஒவ்வொரு சொல்லையும் பூதக்கண்ணாடி வைத்துப் பிழை தேடும் கண்ணோடு வாசிக்கக் கூடாது என்று 1996இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாங்களே வழக்குப் போடுகிறவர்கள், தங்கள் கதையை முழுதாகத் திரும்ப எழுதி ‘காரணங்கள்’ என்ற பகுதியில் நிரப்பிவிடுகிறார்கள். அழாமல் வாசிக்க முடியாத கதைகள். நீதிபதிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கொழுக்கிகூட இருக்காது.

பிழை இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பிழை நடந்திராவிட்டால் முடிவு மாறியிருக்கக்கூடுமா? சின்னப் பிழை, எப்படியும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்றால் கோர்ட் தலையிடாது. இந்த விஷயம் பல வருடம் குழப்பமாக இருந்தது. 2024இல் உயர் நீதிமன்றம் கொஞ்சம் தெளிவாக்கியது: மாறியிருக்கும் என்று நிரூபிக்கத் தேவையில்லை, மாறியிருக்கக்கூடிய யதார்த்தமான வாய்ப்பு இருந்தது என்று காட்டினால் போதும்.

இனி நாள் கணக்கு. இதை இரண்டு தடவை வாசியுங்கள். வழக்குப் போட 35 நாள். அந்த 35 நாள், முடிவில் போட்டிருக்கும் திகதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. ஏஜென்ட் ஈமெயிலைப் பார்க்காமல் இரண்டு கிழமை கழித்துச் சொன்னாலும் கடிகாரம் நிற்காது. தவறினால், நீதியின் பொருட்டு நீட்டித்துத் தாருங்கள் என்று காரணத்தை எழுத்தில் வைத்துக் கேட்கலாம். நீதிபதி தாமதத்துக்கான காரணத்தையும், வழக்கில் உயிர் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார். கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. மறுத்தால் அந்த மறுப்புக்கு எதிராக மேலே வழக்கமான அப்பீலும் கிடையாது.

வழக்குப் போடும்போது விண்ணப்பத்தோடு ஒரு சத்தியக் கடதாசியும், தீர்ப்பாய முடிவின் பிரதியும் வேண்டும். கட்டணம் 3000 டாலரைத் தாண்டும்; கையில் காசில்லாதவர்கள் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேளுங்கள். குடிவரவு ஏஜென்ட் கோர்ட்டில் உங்களுக்காகப் பேச முடியாது, அதற்கு லோயர்தான். லோயரும் சும்மா வழக்குப் போட முடியாது. வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்று அவர் கையெழுத்துப் போட்டு உறுதிசொல்ல வேண்டும், இல்லாத வழக்கைத் தூண்டிவிட்டால் செலவு அவர் தலையில் விழலாம். ஆகவே ஒரு லோயர் ‘இதில் பாயிண்ட் இல்லை’ என்றால், உங்கள் கதையை அவர் நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. சிட்னியில் ராக்ஸ், மெல்பனில் ரெஃபியூஜி லீகல், ஏ.எஸ்.ஆர்.சி. போன்று அகதிகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் இடங்கள் இருக்கின்றன. வேலை அவர்களுக்குத் தலைக்கு மேல். முடிவு வந்த அன்றே போன் எடுங்கள், முப்பதாம் நாள் எடுக்காதீர்கள். வழக்கு முடியும்வரை இங்கே இருக்க விடும் தற்காலிக விசாவான பிரிட்ஜிங் விசாவைப் பற்றியும் அதே போனில் கேளுங்கள். வழக்குப் போட்டதும் அது தானாக வந்துவிடும் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தோற்றால் அமைச்சர் தரப்பின் செலவில் பல ஆயிரம் டாலரை நீங்கள் கட்டச் சொல்லி உத்தரவு வரலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

போட்ட பிறகு காத்திருப்பு. வருடக்கணக்கில் ஆகலாம். இடையில் அமைச்சரின் லோயர்கள் ஒரு தடித்த புத்தகம் அனுப்புவார்கள். உங்கள் விண்ணப்பம், இன்டர்வியூக் குறிப்பு, முடிவுகள் எல்லாம் பக்க எண் போட்டு அதில் இருக்கும். கோர்ட் புக் என்பார்கள். அதைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். விசாரணை நாளில் நீதிபதி ‘இத்தனையாம் பக்கத்தைப் பாருங்கள்’ என்பார், உரைபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்திலிருந்து மெல்லச் சொல்வார். பலருடைய விசாரணை அரை நாளுக்குள் முடிந்துவிடும். பத்து வருட வாழ்க்கை, அரை நாள்.

வென்றால்? தீர்ப்பாயத்தின் முடிவு ரத்தாகி, கேஸ் திரும்ப அங்கேயே போகும். வழக்கமாக வேறொரு உறுப்பினர் புதிதாகப் பார்ப்பார். அண்ணையின் கடிதங்கள் அங்கே மறுபடி உயிர்பெறும். தோற்றால் பெடரல் நீதிமன்றத்துக்கு 28 நாளுக்குள் அப்பீல் உண்டு, அதற்கு மேலே உயர் நீதிமன்றத்திடம் சிறப்பு அனுமதி கேட்கலாம். மிகச் சிலருக்கே அது கிடைக்கும்.

கோர்ட்டில் வெல்வதும் விசா கிடைப்பதும் வேறு வேறு என்று சொன்னேனே. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை எல்லோருக்கும் தெரியும். தாய், தகப்பனின் வழக்குகள் எல்லாப் படியிலும் தோற்றுப்போயின. 2019 ஆகஸ்ட் கடைசியில் அவர்களை ஏற்றிய விமானம் மெல்பனிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிவிட்டது. நீதிபதி ஒருவர் இரவு போனிலேயே தடையுத்தரவு போட, விமானம் டார்வினில் இறங்கியது. காப்பாற்றியது இங்கேயே பிறந்த சின்ன மகளின் வழக்கு. அவள் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க விடலாமா என்று திணைக்களம் மதிப்பீடு செய்தபோது, அவள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவில்லை, அது நியாயமான நடைமுறை இல்லை என்று 2020 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021 பெப்ரவரியில் அரசின் அப்பீலும் தோற்றது. இத்தனைக்குப் பிறகும் விசா வரவில்லை. 2022இல் ஆட்சி மாறி, ஜூனில் அவர்கள் பிலோயிலாவுக்குத் திரும்பி, ஆகஸ்டில் அரசு நிரந்தர விசா கொடுத்தது. கோர்ட் கொடுத்தது நேரம். அந்த நேரம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று சமையலறை மேசையில் கடிதங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த முடிவை மேலே எடுத்தோம். பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு இடத்தில், அண்ணை முதலில் தன் சகோதரனை ஆமி கைதுசெய்ததாகச் சொன்னார், விசாரணையில் ஒன்றுவிட்ட உறவான ஒருவரை யாரோ கடத்தியதாகச் சொன்னார், ஆகவே நம்பகமில்லை என்றிருந்தது. அண்ணை நிமிர்ந்தார்.

“நான் எப்பவும் ஒண்டுதானே சொன்னனான். பெரியம்மாவின்ரை மகன், எங்கடை அண்ணா. அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எண்டுதானே சொன்னனான்.”

பெரியம்மாவின் மகன் நமக்கு அண்ணாதான். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒருநாள் சகோதரன் ஆவார், இன்னொரு நாள் ஒன்றுவிட்ட உறவாவார். ‘பிடிச்சுக்கொண்டு போனவங்கள்’ என்பது கைது என்றும் போகலாம், கடத்தல் என்றும் போகலாம். உரைபெயர்ப்பு மோசமாகி, சொல்ல வந்தது போய்ச் சேரவே இல்லையென்றால் அது விசாரணையே இல்லை என்று 1999இல் இலங்கையர் ஒருவரின் வழக்கில் பெடரல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கதையை மெய்ப்பிக்கப் புது ஆதாரத்தைக் கோர்ட் எடுக்காது. பிழை நடந்தது என்று காட்ட, விசாரணையின் ஒலிப்பதிவை எடுக்கும்.

அண்ணையின் சொல் எங்கே மாறியது, அது முடிவை மாற்றியிருக்குமா என்பதை லோயர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு கேட்டு அன்றே ஈமெயில் அனுப்பினோம். அது வந்த பிறகு இரண்டு இரவு, மகளின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் தன் குரலையே கேட்டார். ஒரு பழைய கொப்பியில், இத்தனையாவது நிமிஷம் நான் சொன்னது, அதே நிமிஷம் அவர் சொன்னது என்று இரண்டு நிரலாகக் கோடு போட்டு எழுதினார். பதினோராம் நாள் அந்தக் கொப்பியோடு லோயரிடம் போனோம். கிராம சேவகர் கடிதம் பைலின் அடியிலேயே இருந்தது.